வேகமாக மாறும் கம்பைலரை லினக்ஸ் பயனரிடம் சேர்ப்பது எப்படி: வழிகள், செலவுகள், ஓர் ஒப்பீடு

சில வாரங்களுக்கு ஒருமுறை புதுப் பதிப்பு விடும் மொழிக் குழுக்கள் எல்லாம் ஒரு கட்டத்தில் ஒரே கேள்வியில் வந்து நிற்கின்றன: கம்பைலரை (கோடை ஓடும் நிரலாக மாற்றும் கருவி) லினக்ஸ் பயனரிடம் எந்த வழியில் சேர்ப்பது? "ஆப்ட் இன்ஸ்டால் என்று அடித்தால் வரவேண்டும்" (டெபியன், உபுண்டுவில் நிரலை நிறுவும் கட்டளை அது) என்று பயனர்களில் பாதிப் பேர் கேட்கிறார்கள். சரி என்று டிஸ்ட்ரோவின் (டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் தொகுப்பு) ரெப்போவில், அதாவது அதன் பேக்கேஜ் கிடங்கில், சேர்த்துவிட்டால், மீதிப் பேர் "உங்கள் கையேட்டில் இருக்கும் முதல் உதாரணமே கம்பைல் ஆகவில்லை" என்று இஷ்யூ போடுகிறார்கள். விசாரித்தால் அவர்கள் கையில் இருப்பது இரண்டு வருடப் பழைய பதிப்பு.

இடைவெளி எவ்வளவு பெரியது என்பதற்கு ரஸ்டையும் டெபியனையும் பார்த்தால் போதும். ரஸ்ட் 6 வாரத்துக்கு ஒரு பதிப்பு விடுகிறது. டெபியனின் நிலைப் பதிப்பு ஏறத்தாழ 2 வருடத்துக்கு ஒன்று. அந்த இடைவெளிக்குள் 17 ரஸ்ட் பதிப்புகள் வந்து போய்விடும். டெபியன் 12 வெளியான 2023 ஜூனில் அதில் இருந்தது ரஸ்ட் 1.63, ரஸ்ட் திட்டம் அப்போதே 1.70-க்கு வந்துவிட்டது. டெபியன் 13 வெளியானது 2025 ஆகஸ்ட் 9 அன்று, ரஸ்ட் 1.85-உடன், அதற்கு இரண்டு நாள் முன்புதான் 1.89 வந்திருந்தது. யாருடைய சோம்பேறித்தனமும் இதில் இல்லை. வெளியீட்டுக்கு மாதக்கணக்கில் முன்பே பேக்கேஜ்களை உறைய வைத்துச் சோதிப்பதுதான் டெபியன் நிலையாக இருப்பதற்கே காரணம்.

பழைய பதிப்பு என்றால் சில புது வசதிகள் இருக்காது, அவ்வளவுதானே என்று தோன்றலாம். நடைமுறையில் உதை வேறு இடத்திலிருந்து வருகிறது. ரஸ்ட் 1.83 முதல், அதன் பில்ட் கருவியான கார்கோ புதிதாக எழுதும் லாக் கோப்பின் (நிரல் நம்பும் மற்ற பேக்கேஜ்களின் பதிப்புகளைக் குறித்து வைக்கும் கோப்பு) வடிவ எண் 4. அந்தக் கோப்போடு ஒருவர் தன் ப்ராஜெக்டைக் கிட்டில் ஏற்றிவிடுகிறார். டெபியன் 12-இல் அதை இறக்கிக் கார்கோ பில்ட் அடித்தால், லாக் கோப்பின் 4-ஆம் வடிவம் எனக்குப் புரியாது, கார்கோவைப் புதுப்பிக்க வேண்டியிருக்கலாம் என்று சொல்லி அங்கேயே நின்றுவிடும். கோடில் 2018-க்குப் பிறகு வந்த மொழி வசதி ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம். கோ மொழியிலும் இதே கதைதான்: திட்டக் கோப்பில் "கோ 1.21.0" என்று மூன்று பகுதி எண்ணாக எழுதியிருந்தால், டெபியன் 12-இன் கோ 1.19 "எண் 1.23 போன்ற வடிவில் இருக்கவேண்டும்" என்று ஒரு பிழை காட்டும். பிழையைப் படிப்பவர் எண்ணின் வடிவத்தைத்தான் திருத்தப் போவார். தன் கம்பைலர் பழையது என்று அவருக்கு உறைக்கவே உறைக்காது.

ஆகவே "எந்தப் பேக்கேஜ் மேனேஜர் சிறந்தது" என்று ஆரம்பிப்பதே தவறான வாசல். பயனர் கணினியில் எந்தப் பதிப்பு ஓடவேண்டும் என்பதை யார் முடிவு செய்வது? டிஸ்ட்ரோவா, மொழிக் குழுவா, பயனரின் ப்ராஜெக்டா? ஒவ்வொரு வழியும் இதற்கு ஒரு பதிலை உள்ளே ஒளித்து வைத்திருக்கிறது.

## எதை வைத்து எடைபோடுவது

பதிப்பை முடிவு செய்பவர். மேலே சொன்னது. மற்றவை எல்லாம் இதற்குப் பின்னால்தான்.

பக்கத்துப் பக்கத்தில் பல பதிப்புகள். 1.0 தொடாத மொழிக்கு இது கட்டாயம். கோஸ்டி என்ற டெர்மினல் நிரல் நல்ல உதாரணம்: அதன் 1.1 வரிசையைக் கம்பைல் செய்ய ஜிக் மொழியின் 0.13 வேண்டும், 1.2 வரிசைக்கு 0.14 வேண்டும். "அதற்கு மேல் எதுவும்" என்ற பேச்சே இல்லை, 0.15 வைத்திருந்தால் 1.2 கம்பைல் ஆகாது. இரண்டு ப்ராஜெக்டில் வேலை செய்பவருக்கு இரண்டு கம்பைலர் வேண்டும்.

வெளியீட்டிலிருந்து பயனர் கைக்கு ஆகும் காலம். மணிக்கணக்கா, வாரக்கணக்கா, வருடக்கணக்கா.

நம்பகம். கையொப்பம் யாருடையது, பாதுகாப்புத் திருத்தம் எப்படிப் போய்ச் சேரும்.

ரூட் (நிர்வாகி உரிமை) இல்லாத, இணையம் இல்லாத கணினிகள். பல்கலைக்கழக கிளஸ்டர், வெளி இணைப்பு அடைத்த நிறுவன நெட்வொர்க், டிஸ்ட்ரோக்களின் பில்ட் சர்வர்.

உழைப்பு யார் தலையில். இலவசமாகத் தெரியும் வழிகளின் விலை இங்கேதான் ஒளிந்திருக்கும்.

| வழி | பதிப்பை முடிவு செய்பவர் | பல பதிப்புகள் | பயனருக்குச் சேரும் வேகம் | ரூட் தேவையா | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|---|
| டார்பால் (சுருக்கிக் கட்டிய கோப்புத் தொகுப்பு) | பயனர் | தாராளமாக | உடனே | இல்லை | அப்டேட் இல்லை. ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி) பொருத்தம் |
| பதிப்பு மேலாளர் (பல பதிப்புகளை இறக்கி மாற்றித் தரும் கருவி) | ப்ராஜெக்ட் | தாராளமாக | உடனே | இல்லை | சர்வர் செலவு. பாத் (கட்டளைகளைத் தேடும் கோப்புறைப் பட்டியல்) குழப்பம் |
| டிஸ்ட்ரோ ரெப்போ | டிஸ்ட்ரோ | பெயரில் எண் சேர்த்தால் மட்டும் | நாள் முதல் வருடங்கள் வரை | ஆம் | பூட்ஸ்ட்ராப் (கம்பைலரைக் கொண்டே கம்பைலரை பில்ட் செய்வது), எல்எல்விஎம் (பல கம்பைலர்கள் மெஷின் கோடு உருவாக்கப் பயன்படுத்தும் தொகுப்பு), பழைய பதிப்புப் புகார்கள் |
| சொந்த ரெப்போ, பிபிஏ (உபுண்டுவில் யாரும் தொடங்கும் தனி ரெப்போ), கோப்பர் (ஃபெடோராவில் அதுபோன்றது) | மொழிக் குழு | பெயரில் எண் சேர்த்தால் மட்டும் | சில மணி நேரம் | ஆம் | பில்ட் அட்டவணை, சாவி காலாவதி |
| ஸ்னாப் (உபுண்டுவின் பேக்கேஜ் முறை) | சேனல் | ஒரு நேரத்தில் ஒன்று | சில மணி நேரம் | ஆம் | தானாகப் புதுப்பிப்பது, கன்டெய்னரில் சிக்கல் |
| நிக்ஸ் (டிஸ்ட்ரோவைச் சாராத பேக்கேஜ் மேனேஜர்) | ப்ராஜெக்ட் | தாராளமாக | நாட்கள் | நிக்ஸை நிறுவ மட்டும் | கற்றுக்கொள்ளும் சுமை |

## டார்பால்: மற்ற எல்லாம் இதன் மேல்தான்

டார்பாலைப் பலர் தற்காலிக ஏற்பாடாகவே நினைக்கிறார்கள். ஆனால் பதிப்பு மேலாளரும், ஆர்ச் பயனர்கள் எழுதும் பில்ட் கோப்பும், சிஐ (கோடு மாறும்போது தானாக பில்ட் செய்து சோதிக்கும் ஏற்பாடு) ஆக்‌ஷனும் கடைசியில் இறக்குவது இதைத்தான். இது கோணலாக இருந்தால் மேலே கட்டுவது எல்லாமே கோணல்.

முதல் விதி, எங்கே பிரித்துப் போட்டாலும் ஓடவேண்டும். கம்பைலர் தன் ஸ்டாண்டர்டு லைப்ரரியைத் தன் பைனரி இருக்கும் இடத்தை வைத்துத் தேட வேண்டும். பில்ட் செய்த கணினியின் பாதையை உள்ளே பதித்துவிடக் கூடாது. ஜிக் இதைச் சரியாகச் செய்கிறது: பைனரி ஒன்று, அதன் பக்கத்தில் லைப்ரரிக் கோப்புறை ஒன்று, வேறெதுவும் வேண்டாம்.

இரண்டாவது ஜிலிப்சி. புதிய ஜிலிப்சியில் இணைத்த பைனரி பழைய ஜிலிப்சியில் ஓடாமல் போகலாம். பழையதில் இணைத்தது புதியதில் ஓடும். உபுண்டு 24.04-இல் இருப்பது 2.39, டெபியன் 12-இல் 2.36, உபுண்டு 22.04-இல் 2.35, ரெட் ஹேட் 8 வரிசையில் 2.28. சிஐ-யில் "சமீபத்திய உபுண்டு" என்று போட்டு பில்ட் செய்தால், ஸ்ட்ரிங்கை எண்ணாக மாற்றும் ஸ்ட்ர்டால் போன்ற சாதாரண ஃபங்ஷன்கூட 2.38-இல் வந்த புது சிம்பலோடு (லைப்ரரியில் ஃபங்ஷனைக் குறிக்கும் பெயர்) இணையக்கூடும். அதன் பிறகு டெபியன் 12-இல் பைனரி திறக்கவே திறக்காது. இதற்குத் தீர்வு பழைய அடித்தளத்தில் பில்ட் செய்வது. ரஸ்ட் 1.64 முதல் குறைந்தபட்சம் ஜிலிப்சி 2.17 என்று அறிவித்து அதற்கேற்பவே பில்ட் செய்கிறது. அப்படி ஒரு எண்ணை அறிவித்து, பைனரியில் அதைவிடப் புதிய சிம்பல் நுழைந்தால் சிஐ தோற்கும்படி ஒரு சோதனையும் வைத்துவிடுங்கள்.

ஜிலிப்சிக்கு மாற்றான மஸ்ல் லைப்ரரியோடு ஸ்டாட்டிக்காக (எல்லாவற்றையும் ஒரே பைனரிக்குள் வைத்து) இணைத்தால் இந்தத் தலைவலி எல்லாம் போய்விடுமே என்று கேட்கலாம். போகும், இரண்டு நிபந்தனைகளோடு. ஸ்டாட்டிக் பைனரியால் ஓடும்போது ஷேர்டு லைப்ரரியை ஏற்ற முடியாது. ஆகவே ப்ளக்இன் அல்லது கம்பைல் ஆன மேக்ரோவை லோட் செய்யும் கம்பைலருக்கு இந்தக் கதவு மூடியது. இரண்டாவது, மஸ்லின் மெமரி ஒதுக்கீட்டு முறை பல த்ரெட்கள் ஓடும்போது மெதுவானது. கம்பைலர் நாள் முழுக்க மெமரி ஒதுக்குகிற நிரல் என்பதால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். வேறு அலொகேட்டரைச் சேர்த்து இணைக்க வேண்டிவரும்.

மூன்றாவது, கையொப்பமும் பட்டியலும். ஜிக் ஒவ்வொரு டார்பாலையும் மினிசைன் என்ற கருவி கொண்டு கையொப்பமிடுகிறது. எல்லாப் பதிப்புகளின் முகவரி, ஹாஷ் (கோப்பின் கைரேகை போன்ற எண்), அளவு ஆகியவற்றை ஒரு ஜேசன் கோப்பிலும் வைக்கிறது. கையொப்பம் இருப்பதால், யார் நடத்தும் மிரரிலிருந்தும் (நகல் சர்வர்) பயமில்லாமல் இறக்கலாம். பட்டியல் இருப்பதால், பதிப்பு மேலாளரை மற்றவர்களே எழுதிக்கொள்வார்கள். பழைய டார்பாலை ஒருபோதும் அழிக்காதீர்கள். ஏற்கெனவே வெளியிட்ட கோப்பை அதே பெயரில் மாற்றவும் கூடாது. எங்கேயோ ஒரு பில்ட் கோப்பில் அதன் ஹாஷ் எழுதி வைத்திருப்பார்கள்.

டார்பாலால் முடியாதது சார்புகளை இழுத்து வருவது. லிங்க் செய்ய சி கம்பைலரை நம்பும் மொழியாக இருந்தால், புதிதாக நிறுவிய டெபியனில் "சிசி என்ற லிங்கர் காணோம்" என்ற பிழைதான் முதல் அனுபவம். டெபியனின் டெப் பேக்கேஜாக இருந்தால் சார்புப் பட்டியலில் ஒரு வரி எழுதி இதை முடித்திருக்கலாம். டார்பாலில் பிழைச் செய்தியாவது எதை நிறுவ வேண்டும் என்று சொல்லட்டும்.

## டிஸ்ட்ரோவின் சொந்த ரெப்போ

இங்கே கிடைப்பது பெரிய நம்பகம். கையொப்பம் டிஸ்ட்ரோவுடையது, பில்ட் டிஸ்ட்ரோவின் சர்வரில் நடக்கிறது, நீங்கள் கையில் தொட்டே பார்க்காத எஸ்390எக்ஸ், ரிஸ்க்-வி போன்ற ஆர்க்கிடெக்சரிலும் சோதனை ஓடுகிறது. அனுமதித்த பேக்கேஜைத் தவிர எதையும் நிறுவ முடியாத நிறுவனங்களுக்கு இதைவிட்டால் வேறு வழியும் கிடையாது.

எல்லா டிஸ்ட்ரோவும் ஒரே மாதிரி உறைவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஃபெடோரா, ஆதரவில் உள்ள தன் பதிப்புகளுக்குப் புது ரஸ்டைத் தொடர்ந்து அனுப்புகிறது. ஆர்ச் நாட்கணக்கில் சேர்த்துவிடும். டெபியன் நிலைப் பதிப்பிலேயேகூட ஒரு விதிவிலக்கு உண்டு: ஃபயர்ஃபாக்ஸின் நீண்டகால ஆதரவுப் பதிப்புக்குப் புது ரஸ்ட் தேவைப்படுவதால், டெபியன் 12-இல் பழைய கம்பைலருக்குப் பக்கத்தில் ரஸ்ட்சி-வெப் என்று தனியாக ஒரு புதுக் கம்பைலரை வைக்கிறார்கள். பொதுப் பயனருக்காக வைத்தது அல்ல அது; பிரவுசரை பில்ட் செய்ய வேறு வழியில்லாமல் வைத்தது.

ஒரே கம்பைலரை ஏன் அப்படியே உயர்த்திவிட முடியாது? அந்த டிஸ்ட்ரோவில் உள்ள நூற்றுக்கணக்கான பேக்கேஜ்கள் அந்தக் கம்பைலரால் பில்ட் ஆகின்றன. அதை மாற்றினால் அவை எல்லாம் மறுபடி பில்ட் ஆகுமா என்று ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். உடைந்ததை அவரே ஒட்டவும் வேண்டும். இந்த உழைப்பைத் தருபவர் பெரும்பாலும் சம்பளமில்லாத தன்னார்வலர்.

மொழிக் குழு இந்த வழியைத் தேர்ந்தால் மூன்று கணக்குகளை முன்பே போட்டுப் பார்க்க வேண்டும்.

முதலாவது பூட்ஸ்ட்ராப். ரஸ்டின் ஒரு பதிப்பை பில்ட் செய்ய அதற்கு நேர் முந்தைய பதிப்பு வேண்டும். 1.63-இலிருந்து 1.85-க்குப் போக நடுவில் உள்ள ஒவ்வொன்றையும் வரிசையாக பில்ட் செய்தாக வேண்டும்: 22 படிகள். கோ இதில் கொஞ்சம் கருணை காட்டுகிறது, 1.22-க்கு 1.20 போதும், 1.24-க்கு 1.22 போதும். ஜிக் வேறு பாதையில் போய், கம்பைலரின் வெப்அசெம்பிளி வடிவம் ஒன்றை சோர்ஸுக்குள்ளேயே வைத்து அதை சி-யாக மாற்றித் தொடங்குகிறது. வேகமான தீர்வுதான், ஆனால் சோர்ஸ் மரத்துக்குள் ஒரு பைனரி இருப்பது "எல்லாம் சோர்ஸிலிருந்தே வரவேண்டும்" என்று நினைக்கும் டிஸ்ட்ரோக்களுக்குத் தொண்டையில் சிக்கும் முள். கீக்ஸ் டிஸ்ட்ரோ ரஸ்டுக்காக, சி++-இல் எழுதிய எம்ரஸ்ட்சி என்ற மாற்றுக் கம்பைலரிலிருந்து சங்கிலியைத் தொடங்குகிறது என்றால் இந்த விஷயத்தை எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது எல்எல்விஎம். டிஸ்ட்ரோக்கள் தங்கள் எல்எல்விஎம்-ஐயே எல்லாரும் பயன்படுத்த வேண்டும் என்று விரும்பும். ஜிக்கின் ஒவ்வொரு பதிப்பும் ஒரு குறிப்பிட்ட எல்எல்விஎம்-ஐயே கேட்கும்: 0.13-க்கு 18, 0.14-க்கு 19. ஜூலியா தன் சொந்தத் திருத்தங்கள் சேர்த்த எல்எல்விஎம்-ஐ எதிர்பார்க்கிறது. அதனாலேயே டிஸ்ட்ரோ பேக்கேஜைத் தவிர்த்து அதிகாரப்பூர்வ பைனரியை எடுக்கச் சொல்கிறார்கள். ரஸ்டும் திருத்திய எல்எல்விஎம்-ஐத்தான் வைத்திருக்கிறது, ஆனால் வெளியிலிருந்து வரும் திருத்தாத சில பழைய பதிப்புகளோடும் பில்ட் ஆகும்படி பார்த்துக்கொள்கிறது. அந்த ஒரு முடிவுதான் ரஸ்டை டிஸ்ட்ரோக்களுக்குள் நுழைய விட்டது என்று சொல்லலாம்.

மூன்றாவது, பில்ட் சர்வரில் இணையம் கிடையாது. பில்டின் நடுவில் எதையாவது இறக்கப் பார்த்தால் அங்கேயே முடிந்தது. சார்புகள் எல்லாம் உள்ளடங்கிய சோர்ஸ் டார்பால் ஒன்றைத் தனியாக வெளியிட்டு, இணையம் தேவைப்படும் டெஸ்ட்களுக்கு ஒரு குறி போட்டு வையுங்கள். பேக்கேஜ் பராமரிப்பவருக்கு இதைவிடப் பெரிய உபகாரம் கிடையாது.

என் கணிப்பில், உங்கள் மொழியின் ஒரு வருடப் பழைய பதிப்பில் இன்றைய கோடு கம்பைல் ஆகாது என்றால், நிலைப் பதிப்பு டிஸ்ட்ரோக்களுக்குள் போக நீங்களாக அவசரப்பட வேண்டாம். ஆர்ச், ஃபெடோரா போன்றவை தாங்கும். யாராவது முன்வந்து டெபியனில் சேர்த்தால், பெயரிலேயே பதிப்பு எண் வரும்படி கேட்டுக்கொள்ளுங்கள். கோவுக்கு கோலாங்-1.22, எல்எல்விஎம்-க்குக் கிளாங்-18 என்பதுபோல் வைத்தால், தனித்தனிக் கோப்புறையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். முன்னிருப்பு எது என்பதை ஒரு சிறு பேக்கேஜ் சுட்டும்.

## சொந்த ரெப்போ, பிபிஏ, கோப்பர்

பயனருக்குப் பழகிய ஆப்ட், டிஎன்எஃப் (ஃபெடோராவில் ஆப்ட் போன்றது) கட்டளைகளே. ஆனால் எது எப்போது வரும் என்பது உங்கள் கையில். எல்எல்விஎம் திட்டம் டெபியனுக்கும் உபுண்டுவுக்கும் இப்படி ஒரு ஆப்ட் ரெப்போவை நடத்துகிறது. பொதுவாகப் பயனரின் கணினியில் ஒரே பதிப்பு போதும், ஆனால் புதியதாக இருக்கவேண்டும் என்ற நிலைக்கு இது பொருந்தும்.

பிபிஏ-வில் முன்பே தெரிய வேண்டியது ஒன்று: ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ஒவ்வொரு உபுண்டு பதிப்புக்கும் கடைசியாக ஏற்றியது மட்டுமே ரெப்போவில் நிற்கும். குறிப்பிட்ட பதிப்பைச் சுட்டி எழுதிய சிஐ கோப்பு, நீங்கள் அடுத்ததை ஏற்றிய நாளில் உடையும். பெயரில் பதிப்பைச் சேர்ப்பதுதான் இங்கேயும் மருந்து.

பில்ட் அட்டவணையும் வேகமாகப் பெருகும். டெபியனில் இரண்டு, உபுண்டுவில் இரண்டு, ஃபெடோராவில் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஆர்க்கிடெக்சர் என்றால், ஒரு வெளியீட்டுக்கு 12 பில்ட். சொந்த ரெப்போ நடத்துபவர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு: பழைய ஜிலிப்சியில் பில்ட் செய்த ஒரே பைனரியை ஒரு டெப், ஒரு ஆர்பிஎம் (ஃபெடோரா, ரெட் ஹேட்டின் பேக்கேஜ் வடிவம்) என்று சுற்றி எல்லாருக்கும் அதையே கொடுங்கள். பேக்கேஜிங் தூய்மைவாதிகள் முகம் சுளிப்பார்கள். பராமரிப்பவர் நிம்மதியாகத் தூங்குவார்.

பதிப்பு எண்ணை எழுதும் விதத்தில் ஒரு பொறி உண்டு. இரவு பில்டுக்கு 0.16.0.டெவ்120 என்று பெயர் வைத்தால், டெப் கணக்கில் அது 0.16.0-ஐ விடப் பெரியது. இறுதிப் பதிப்பு வந்தபின் ஆப்ட் "உங்களிடம் இருப்பதே புதியது" என்று சும்மா இருந்துவிடும். 0.16.0~டெவ்120 என்று நடுவில் அலைக்குறி போட்டால் இறுதிப் பதிப்புக்கு முன்னால் வரும். ஆர்பிஎம்-இலும் அலைக்குறிக்கு இதே பொருள். ஆர்ச்சின் பேக்மேனில் அலைக்குறிக்கு அந்த வேலை கிடையாது, 1.0ஆர்சி என்று புள்ளியில்லாமல் எழுத்தை ஒட்டினால் 1.0-க்கு முன்னால் வைக்கும். தவறான எண் ஒருமுறை வெளியே போய்விட்டால் திரும்ப இழுக்க எபோக் எண் (பதிப்பு எண்ணுக்கும் முன்னதாக ஒப்பிடப்படும் எண்) சேர்ப்பது ஒன்றே வழி, அதை அப்புறம் கழற்றவும் முடியாது.

கையொப்பச் சாவி காலாவதியானால், பயனருக்கு அப்டேட் நிற்கும். புதுச் சாவியை அவரே கையால் போட வேண்டும். இதைத் தவிர்க்கச் சாவியையே ஒரு பேக்கேஜாக ரெப்போவில் வைத்து, காலாவதிக்குப் பல மாதம் முன்பே நீட்டித்த சாவியை அதன் வழியே அனுப்புங்கள். ஆப்ட்-கீ கட்டளையைப் பயன்படுத்தச் சொல்லும் பழைய வழிகாட்டியை எடுத்துவிடுங்கள். சாவியைத் தனிக் கோப்பாக வைத்து, ரெப்போ வரியில் "இந்தச் சாவியால் கையொப்பமிட்டது" என்று கட்டிவிடுவதே இப்போதைய முறை. அப்போது அந்தச் சாவி உங்கள் ரெப்போவுக்கு மட்டுமே செல்லும்.

## பதிப்பு மேலாளர்

ரஸ்டுக்கு ரஸ்ட்அப், ஹாஸ்கலுக்கு ஜிஎச்சிஅப், ஜூலியாவுக்கு ஜூலியாஅப், ஸ்விஃப்டுக்கு ஸ்விஃப்ட்லி. வேகமாக மாறும் மொழிகள் பெரும்பாலும் இங்கே வந்து சேர்ந்ததற்குக் காரணம் இருக்கிறது: ப்ராஜெக்ட் கோப்புறையில் ஒரு சிறு கோப்பில் பதிப்பை எழுதி வைத்தால், அதற்குள் நுழைந்து கம்பைலரைக் கூப்பிட்டதும் சரியான பதிப்பு ஓடும். முடிவு ப்ராஜெக்டின் கையில். ரூட் வேண்டாம், டிஸ்ட்ரோ எதுவானாலும் கவலையில்லை.

செலவுகளில் பெரியது சர்வர். சிஐ ஒவ்வொரு முறையும் முழுக் கம்பைலரையும் இறக்கும், ஆகவே சிடிஎன் (கோப்புகளைப் பரிமாறும் சர்வர் வலை) பில் பயனர் எண்ணிக்கையைவிட வேகமாக வளரும். தேவையில்லாததைப் பிரித்து வையுங்கள். ரஸ்ட்அப்பில் மினிமல் என்ற ப்ரொஃபைல் கம்பைலர், ஸ்டாண்டர்டு லைப்ரரி, கார்கோ மூன்றை மட்டும் தரும். ஆயிரக்கணக்கான சிறு எச்டிஎம்எல் கோப்புகளாக வரும் டாக்குமென்ட்டை விட்டுவிடும். மெதுவான டிஸ்கில் பிரிக்கும் நேரம் பெரும்பாலும் அங்கேதான் போகிறது.

அடுத்தது பாத். மேலாளர் தன் பைனரிகளைப் பயனரின் ஹோம் கோப்புறையில் வைத்து, ஷெல் ப்ரொஃபைலில் பாத்தை மாற்றுகிறது. சூடோவோடு (ரூட் உரிமையில் ஓட்டும் கட்டளை) மேக் இன்ஸ்டால் அடித்தால் சூடோ தன் சொந்தப் பாத்தைப் போட்டுக்கொள்ளும். அங்கே உங்கள் கம்பைலர் இருக்காது, அல்லது டிஸ்ட்ரோவின் பழைய கம்பைலர் கிடைக்கும். பில்டில் ஒரு பாதி ஒரு பதிப்பில், மறுபாதி வேறு பதிப்பில். நேரம் வைத்து ஓடும் கிரானும் பின்னணியில் ஓடும் சிஸ்டம்டி சர்வீஸும் ஷெல் ப்ரொஃபைலைப் படிப்பதே இல்லை. "எந்த பைனரி, எங்கிருந்து, ஏன் இந்தப் பதிப்பு" என்று சொல்லும் ஒரு கட்டளை மேலாளரில் முதல் நாளிலிருந்தே இருக்கட்டும்.

கர்ல் என்ற இறக்கும் கருவி வழியாக ஸ்கிரிப்ட்டை இறக்கி நேராக ஷெல்லில் கொட்டும் நிறுவல் முறையை வைத்து வாக்குவாதம் ஓய்வதில்லை. எச்டிடிபிஎஸ் இருக்கும்வரை அது டார்பாலை இறக்கி ஓட்டுவதைவிடப் பெரிய ஆபத்தில்லை, ஆனால் இரண்டு காரியம் செய்யவேண்டும்: பாதி இறங்கி அறுந்தால் பாதி ஓடாதபடி ஸ்கிரிப்ட் முழுவதையும் ஒரு ஃபங்ஷனுக்குள் வைத்துக் கடைசி வரியில் கூப்பிடுங்கள், இறக்கும் டார்பாலின் கையொப்பத்தைச் சரிபாருங்கள்.

இணையம் அடைத்த இடங்களுக்கு மிரர் முகவரியை மாற்றும் வசதி கட்டாயம். ரஸ்ட்அப்பில் ஒரு என்விரான்மென்ட் வேரியபிள் இதைச் செய்கிறது.

தானாக இறக்குவதா, கேட்டுவிட்டு இறக்குவதா என்பதிலும் முதலிலேயே முடிவெடுங்கள். 2025 மார்ச்சில் வந்த ரஸ்ட்அப் 1.28.0, ப்ராஜெக்ட் கேட்கும் பதிப்பு இல்லாவிட்டால் தானாக நிறுவும் பழக்கத்தை நிறுத்தியது. பலருடைய சிஐ உடைந்தது. உடனே வந்த 1.28.1-இல் பழைய நடத்தை திரும்பியது, வேண்டாதவர்கள் அணைத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டோடு.

## டிஸ்ட்ரோவையும் மேலாளரையும் இணைப்பது

ரஸ்ட்அப்பே இப்போது பேக்கேஜாகக் கிடைக்கிறது: டெபியன் 13, உபுண்டு 24.04, ஃபெடோரா, ஆர்ச் எல்லாவற்றிலும். ஆர்ச்சில் அது ரஸ்ட் பேக்கேஜுக்குப் பதிலாக நிற்கும். ரஸ்ட் வேண்டும் என்று கேட்கும் மற்ற பேக்கேஜ்களின் சார்பையும் நிறைவு செய்யும். மேலாளர் மெதுவாக மாறும் சிறு நிரல் என்பதால் டிஸ்ட்ரோவின் வேகத்துக்கு ஒத்துப்போகும். கம்பைலர் தன் வேகத்தில் ஹோமுக்குள் வரும். முதல் நம்பகம் டிஸ்ட்ரோவின் கையொப்பத்திலிருந்து தொடங்குவதால் கர்ல் சச்சரவும் இல்லை. தன்னைத்தானே புதுப்பிக்கும் வசதியை பில்ட் நேரத்தில் அணைக்க வழி வைத்துவிடுங்கள். பேக்கேஜ் மேனேஜர் வைத்த கோப்பை நிரலே மேலெழுதுவதை எந்த டிஸ்ட்ரோவும் ஏற்காது.

கோ இன்னொரு படி தள்ளிப் போனது. 2023 ஆகஸ்டில் வந்த 1.21 முதல், திட்டக் கோப்பு கேட்கும் பதிப்பு கையில் இருப்பதைவிடப் புதிதென்றால் கோ கட்டளையே அதை இறக்கி, ஹாஷைப் பொதுச் செக்சம் தரவுத்தளத்தில் சரிபார்த்து ஓட்டும். பழைய டிஸ்ட்ரோ பேக்கேஜ் ஒரு ஏணியாக மட்டும் போதும். இங்கே உதைப்பது இணையமில்லாத பில்ட். அங்கே "கையில் இருப்பதை மட்டும் பயன்படுத்து" என்று அமைக்க வேண்டியிருக்கும். புதிதாக ஒரு மொழிக்கு வழி வகுப்பவர்கள் முதலில் பார்க்கவேண்டிய வடிவம் இது என்பேன்.

## ஸ்னாப்

சேனலும் ட்ராக்கும் இருப்பதால் நிலைப் பதிப்பு, சோதனைப் பதிப்பு என்று பிரிப்பது சுலபம். ஆனால் கம்பைலர் சிஸ்டம் முழுவதையும் தொட வேண்டியிருப்பதால் கிளாசிக் முறை (ஸ்னாப்பின் அடைப்புக்கு வெளியே ஓடுவது) தேவை; அதற்கு ஸ்டோரில் தனி ஒப்புதல் வாங்க வேண்டும். ஸ்னாப் முன்னிருப்பாக ஒரு நாளைக்கு நான்கு முறை அப்டேட் பார்க்கும். காலையில் ஒரு கம்பைலர், மதியம் வேறு. அதனால் இன்க்ரிமென்டல் கேஷ் முழுவதும் வீணாகி, முழு பில்டும் முதலிலிருந்து. நிறுத்தி வைக்கக் கட்டளை உண்டு என்றாலும் அதைத் தெரிந்தவர்கள் குறைவு. டாக்கர் கன்டெய்னருக்குள் ஸ்னாப்டி (ஸ்னாப்பின் பின்னணி நிரல்) ஓட்டுவது பெரும்பாடு. உபுண்டு டெஸ்க்டாப் பயனர்கள் மொழியைச் சுவைபார்க்க இது நல்ல வாசல். அதற்கு மேல் பாரம் ஏற்ற வேண்டாம்.

## நிக்ஸ், ஆர்ச்சின் ஏயூஆர், கன்டெய்னர்

நிக்ஸில் ஒவ்வொரு பதிப்பும் தனி ஹாஷ் பாதையில் இருப்பதால் மோதல் என்பதே இல்லை. நிக்ஸ் பேக்கேஜ் தொகுப்பு ஜிக்கின் பல பதிப்புகளை ஒரே நேரத்தில் வைத்திருக்கிறது. உங்கள் சோர்ஸ் ரெப்போவில் ஒரு ஃப்ளேக் கோப்பு (எப்படி பில்ட் செய்வது என்று நிக்ஸுக்குச் சொல்வது) வைப்பது சிறிய வேலை, பங்களிப்பாளர்களுக்குப் பெரிய வசதி. ஒன்று மட்டும்: நிக்ஸ்ஓஎஸ்-இல் டைனமிக் லிங்கர் வழக்கமான இடத்தில் இல்லாததால் சாதாரண டார்பால் பைனரி ஓடாது. பழைய பதிப்புகளில் "கோப்பு இல்லை" என்பது போன்ற புரியாத பிழை வந்தது. புகார் உங்களிடம்தான் வரும்.

ஏயூஆர் என்ற ஆர்ச் பயனர் தொகுப்பில் பேக்கேஜைப் பயனர்களே எழுதிவிடுவார்கள். டார்பால் பெயர்கள் மாறாமல் இருந்தால் போதும்.

கன்டெய்னர் இமேஜ் சிஐ-க்கு. டெவலப்பரின் அன்றாட வேலைக்கு அதை முதன்மை வழியாக வைத்தால், எடிட்டரின் லாங்குவேஜ் சர்வர் முதல் கோப்பு உரிமை வரை எல்லாம் இடிக்கும்.

## எந்த நிலையில் எது

1.0-க்கு முன், இரண்டு மூன்று பேர் கொண்ட குழு: கையொப்பமிட்ட டார்பால், ஜேசன் பட்டியல். அவ்வளவுதான். மேலாளரைக்கூட நீங்கள் எழுத வேண்டாம்.

மாதக்கணக்கில் உடையும் மொழி, பயனர்கள் பல ப்ராஜெக்டில்: பதிப்பு மேலாளர், ப்ராஜெக்டுக்குள் பதிப்புக் கோப்பு. குறைந்தபட்சப் பதிப்பைத் திட்டக் கோப்பின் முதல் பகுதியில் வைத்து, வேறெதையும் அலசும் முன் கம்பைலர் அதைப் படிக்கட்டும். மேலே சொன்ன லாக் கோப்புப் பிழை போன்றவை "உங்களிடம் இருப்பது 0.8, இந்த ப்ராஜெக்டுக்கு 0.11 வேண்டும்" என்ற தெளிவான ஒரு வரியாக மாறிவிடும்.

மொழியில் எழுதிய நிரல்கள் டிஸ்ட்ரோக்களுக்குள் போக ஆரம்பித்துவிட்டால், பயனர்கள் கேட்காவிட்டாலும் டிஸ்ட்ரோ ரெப்போவுக்கு உழைத்தாக வேண்டும். அந்த நிரல்களை பில்ட் செய்ய வேறு கம்பைலரை அங்கே அனுமதிக்க மாட்டார்கள். இப்போது எல்எல்விஎம் வரம்பு, பூட்ஸ்ட்ராப் ஆவணம், இணையமில்லா பில்ட் மூன்றும் அவசர வேலைகள்.

ரூட் உள்ள ஒரே மாதிரிச் சர்வர்கள் நூற்றுக்கணக்கில், எல்லாவற்றிலும் ஒரே பதிப்பு: சொந்த ஆப்ட் அல்லது ஆர்பிஎம் ரெப்போ.

## ஒரு வழியை மூடும்போது

வழியைத் திறப்பதைவிட மூடுவது கடினம். ஆப்ட் ரெப்போவின் கோப்புகளை ஒருநாள் சர்வரிலிருந்து அழித்துவிட்டால், அதைப் பட்டியலில் வைத்திருக்கும் எல்லாக் கணினியிலும் ஆப்ட்-கெட் அப்டேட், வெளியீட்டுக் கோப்பு இல்லை என்று பிழையோடு முடியும். உங்கள் கம்பைலரைத் தொடவே தொடாத சிஐ பைப்லைன்கூட அங்கே நின்றுவிடும். ஆகவே கடைசியாக ஒரு பேக்கேஜை அனுப்புங்கள்: நிறுவும்போது புது வழியை அறிவித்து, ரெப்போ வரியை முடக்குவது மட்டுமே அதன் வேலை. வெறும் பட்டியலோடு சர்வரை இன்னும் ஓர் உபுண்டு நீண்டகாலப் பதிப்பின் ஆயுள், அதாவது 5 வருடம், ஓட விடுங்கள். நிறுவல் ஸ்கிரிப்ட் இருந்த டொமைன் பெயரை அதற்குப் பிறகும் கைவிட வேண்டாம். ஆப்ட் ரெப்போவையாவது கையொப்பம் காக்கும். அந்த முகவரியை எழுதி வைத்த டாக்கர் கோப்புகளில், டொமைனைப் புதிதாக வாங்கியவர் எதைக் கொடுத்தாலும் ஷெல் அதை அப்படியே ஓட்டிவிடும்.